கடைசிச் சுற்று மணி

"டிங்!"

கடை வாசலில் புது மணி அடித்ததும் சிலையின் கை அப்படியே நின்றுவிட்டது. கை நின்றால் போதுமா? கையிலிருந்த மின் ஊசி நிற்க வேண்டாமா? அது பாட்டுக்குக் 'கிர்ர்ர்' என்று ஒரே இடத்தில் குடைந்து, பளபளவென்றிருந்த பித்தளைத் தகட்டில் மிளகு அளவுக்கு ஒரு குழியைத் தோண்டிவிட்டது.

"போச்சு!" என்றாள் சிலை.

வாசலில் முக்காலி மேல் நின்றிருந்த கணவர், வாயில் கவ்வியிருந்த திருகாணியை எடுத்துவிட்டுத் திரும்பினார். "எப்படி இருக்கு சத்தம்? கதவைத் திறந்தாலும் அடிக்கும், மூடினாலும் அடிக்கும். ஆள் வர்றதுகூடத் தெரியாம நீ குனிஞ்ச தலை நிமிராம இருக்கியேன்னு மாட்டினேன்."

"ரொம்ப நல்லாருக்கு. இங்க வந்து பாருங்க, உங்க மணி பண்ணின வேலையை."

வந்து பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆகியும், மணிக்கும் மனைவிக்கும் உள்ள உறவை மறந்துபோனதற்காகத் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

அந்த உறவு இதுதான். எந்த மணி அடித்தாலும் சிலை நின்றுவிடுவாள். தபால்காரர் மணியோ, அடுப்பு மணியோ, அலைபேசி அலாரமோ, இரண்டு விநாடி ஆள் அசையாது. தோசைக் கரண்டி தூக்கிய கையில் இருந்தால் தூக்கியபடியே இருக்கும். வீட்டில் சண்டை முற்றினால் கணவர் மகளின் சைக்கிள் மணியை ஒரு தட்டுத் தட்டுவார். அவள் உறைந்து நிற்கும் அந்த இரண்டு விநாடிக்குள் தெருமுனை தாண்டியிருப்பார்.

சிலை என்பது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் வைத்த பெயர். அங்கே இடைவேளை முடிய இரண்டு மணி அடிப்பார்கள். முதல் மணிக்கு இருந்த இடத்தில் இருந்தபடியே நிற்க வேண்டும். பந்து கையில் இருந்தால் கையிலேயே. கால் அந்தரத்தில் இருந்தால் அந்தரத்திலேயே. இரண்டாவது மணிக்கு வாயைத் திறக்காமல் வரிசையாக வகுப்புக்குப் போக வேண்டும். நண்பகல் ஜெப மணிக்கும் இதே சட்டம்தான். முதல் மணிக்குப் பிறகு அசைந்தவள், மாதாவை வைத்திருக்கும் கல் குகையான கெபி முன்னால் பத்து நிமிஷம் முழங்கால் போட வேண்டும். அப்படி நிற்பதில் இவளை அடிக்க ஆள் கிடையாது. ஒருமுறை கன்னத்தில் குளவி உட்கார்ந்து, கொட்டி, எழுந்து பறந்து போகும்வரை கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றாள். அன்றிலிருந்து சிலை.

"இதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போயிடாது?" என்றார் கணவர், குழியை விரலால் தடவி.

"தேய்ச்சா அந்தப் பக்கம் ஓட்டை விழும். அவ்வளவு ஆழம்."

"வேற தகடு?"

"இந்த அளவுக்குக் கனமாத் தகடு வெட்டி வர ரெண்டு நாள் ஆகும். விழா இன்னைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்கு. நாலு மணிக்குத் தகடு அங்க இருக்கணும். இப்போ பதினொண்ணு."

கணவர் தகட்டைக் குனிந்து படித்தார். கோப்பைகளை மரக்கட்டையில் பூட்டித் துடைத்து அடுக்குவதுதான் அவர் வேலை. பேர் வெட்டுவது முழுக்க மனைவியின் ராஜ்ஜியம். ஊரில் எந்த மூலையில் யார் ஜெயித்தாலும், ஜெயித்த பேர் இந்த மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஓட்டம், நீச்சல், சதுரங்கம், கயிறு இழுத்தல், அழகிய நாய்க்குட்டிப் போட்டி எதுவானாலும் சரி. போன மாதம் ஓர் அப்பா மகனின் இரண்டாம் பரிசுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து, "முதல் பரிசுன்னு வெட்டிடுங்க, வீட்ல பாட்டி சந்தோஷப்படுவாங்க" என்றார். "கோட்டைத் தாண்டினவன் பேருதான் சார் நான் வெட்டுவேன். பாட்டிக்கு வேணும்னா லட்டு வாங்கிக் குடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த விஷயத்தில் அவள் கல்.

இன்றைய தகடு அவள் படித்த பள்ளிக்கூடத்துக்கே. எழுபத்தைந்தாம் ஆண்டு விழா. 'விளையாட்டில் சாதித்த நம் பழைய மாணவியர்' என்று தலைப்பு. கீழே பன்னிரண்டு வரி, பன்னிரண்டு பேர். காலையிலிருந்து ஆறு வரி முடிந்திருந்தது. ஒவ்வொரு பேரையும் வெட்டும்போது அவளுக்குச் சிரிப்பாக வந்தது. தகட்டில் முழுப்பெயரும் பதக்கமும் கம்பீரமாக இருந்தன. அவள் மனதுக்குள் ஓடியதோ வேறு.

பளு தூக்குவதில் நாட்டுக்கே வெள்ளி வாங்கியவள், பாட்டு வகுப்பு முடிந்ததும் ஆர்மோனியத்தைத் தனி ஆளாக மாடிக்குத் தூக்கிப்போனவள். ஈட்டி எறிதல் வீராங்கனையின் முதல் ஈட்டி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த நான்கு சிஸ்டர்களின் வெள்ளை அங்கிகளைச் சேர்த்துத் தைத்துவிட்டுப் போய் விழுந்தது. கடலை நீந்திக் கடந்தவள், நீண்ட ஜெபங்களின்போது மூச்சடக்கிப் பழகியவள். நடுவில் இரண்டு தரம் மயங்கி விழுந்தாள், அதைப் பக்தி என்று நினைத்தார்கள். மேஜைப்பந்து சாம்பியன் சாப்பாட்டுக்கூட மேஜையில் பாட்டுப் புத்தகங்களை வலையாக நிறுத்தி ஆடியவள். உலகக் கால்பந்து நடுவராகப் போனவள் அந்தக் காலத்து வகுப்புத் தலைவி. அன்றைக்குக் கரும்பலகையில் பேர் எழுதினாள். இன்றைக்கு மஞ்சள் அட்டை காட்டுகிறாள். ஆள் மாறவில்லை.

ஆறு வரி சிரித்துக்கொண்டே முடிந்தது. ஏழாவது வரியில் ஊசியை வைத்தபோதுதான் சிரிப்பு நின்றது. அந்தச் சமயத்தில்தான் மணியும் அடித்தது.

"ஏழாவது யாரு?" கணவர் கையெழுத்துப் பட்டியலைப் பார்த்தார். "ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்... ஓ! உங்க லேட்டா?"

"எங்க லேட்டும் இல்ல, உங்க லேட்டும் இல்ல."

லேட்டு! நாட்டுக்காக ஓடியவளுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர். அதுவும் அந்த மணியால் வந்ததுதான். முதல் மணி அடித்து எல்லாரும் நின்ற பிறகு, ஒன்றரை விநாடி கழித்துத்தான் லேட்டு நிற்பாள். தினமும் முழங்கால் போடுவாள். ஏன் இப்படி என்று கேட்டால் பதில் சொல்லாமல் நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். திமிர் என்றார்கள் சிஸ்டர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை சிலைக்கும் லேட்டுக்கும் ஒரே பெஞ்சு, ஒரே சாப்பாட்டுத் தூக்கு. எந்த விளையாட்டானாலும் சிலைக்கு எதிரில்தான் வந்து நிற்பாள். "உன் மூஞ்சியைப் பாத்தாதான் எனக்கு ஆட்டம் வரும்" என்பாள். அவ்வளவு ஒட்டு.

அந்த ஒட்டு ஒரே நாளில், ஒரே மணியில் பிய்ந்துபோயிற்று.

பத்தாம் வகுப்பில் மாநிலப் போட்டி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பள்ளியிலிருந்து இரண்டு பேர். அவர்களை ஓடப் பழக்கியவர் விசில் சிஸ்டர். பள்ளி மைதானத்தில் சுற்றுக் கணக்கெல்லாம் அவர் விரலிலும் விசிலிலும்தான். பெரிய மைதானத்தில் கடைசிச் சுற்று தொடங்கும்போது மணி அடிப்பார்கள் என்று சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. சிலை எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் லேட்டு, முப்பது மீட்டர் இடைவெளியில். உச்சி வெயில், பன்னிரண்டு மணி ஆகப்போகிறது. கோட்டை நெருங்கும்போது 'டாங்' என்று மணி.

சிலை நின்றாள்.

வலது கால் முன்னால், இடது கை முன்னால், தலை தாழ்த்தி, ஜெபத்தை வேறு ஆரம்பித்துவிட்டாள். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கத்தியது. அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. லேட்டு பக்கத்தில் வந்தாள், தாண்டிப் போனாள். இன்னும் இரண்டு பேர் தாண்டினார்கள். விசில் சிஸ்டர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலி தாண்டிக் குதித்து, "ஓடு பிள்ளே, ஓடு!" என்று அலறியபோதுதான் கண் திறந்தாள். விழுந்தடித்து ஓடினாள். நாலாவது இடம்.

நாலாவது இடத்துக்கு யாரும் கோப்பை செய்வதில்லை. கோப்பைக் கடைக்காரியை விட இது யாருக்குத் தெரியும்?

தோற்றதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அவளைக் குடைந்தது வேறு. பத்து வருஷம் ஒரே மணிக்கு நின்ற இரண்டு பேரில் ஒருத்தி நின்றாள், ஒருத்தி நிற்கவில்லை. அப்படியென்றால் அது கடைசிச் சுற்று மணி என்று லேட்டுக்கு முன்னாலேயே தெரியுமா? தெரிந்தும் சொல்லாமல் இருந்தாளா? திரும்பி வரும் பேருந்தில் லேட்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பதக்கத்தைக் கழற்றி இவள் மடியில் வைத்தாள். இவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த மணி எதுக்குன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

பதில் வரவில்லை. ஒரு 'உம்' கூட இல்லை. பதக்கத்தைத் தூக்கி அவள் மடியிலேயே போட்டாள். அடுத்த திங்கட்கிழமை லேட்டு விளையாட்டு விடுதிக்குப் போய்விட்டாள். இருபத்தாறு வருஷம் ஆயிற்று. அதன் பிறகு லேட்டைப் பத்திரிகையிலும் டிவியிலும் பார்த்ததோடு சரி. ஓடியதைப் பற்றி எழுதினார்கள், ஓய்வுபெற்றதை எழுதினார்கள். இப்போது பயிற்சியாளராகி, 'விசில் ஊதாத கோச்' என்று பேட்டி வந்திருந்தது. கையைத் தட்டி, கொடியை ஆட்டியே பெண்களை ஓட வைக்கிறாளாம். அந்தப் பத்திரிகைத் தாளில் கணவர் மகளின் ஷூவைச் சுற்றி வைத்தார்.

"இப்போ என்ன செய்யலாம்?" என்றார் கணவர்.

சிலை குழியைப் பார்த்தாள். அது ஏழாவது வரியின் முதல் எழுத்துக்கு முன்னால், ஓரத்தில் விழுந்திருந்தது. மனதுக்குள் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. ஏழாவது வரி கெட்டுவிட்டது என்று சொல்லி, அதை மட்டும் விட்டுவிட்டால்? பதினோரு பேர். குழி மேல் ஒரு பூ ஒட்டினால் ஆயிற்று. யார் எண்ணப்போகிறார்கள்?

அலைபேசி ஒலித்தது. அதற்கும் இரண்டு விநாடி நின்றுவிட்டு எடுத்தாள்.

"பிள்ளே, எந்த வரியில இருக்க?" விசில் சிஸ்டர். எழுபத்தெட்டு வயது, குரலில் விசில் மட்டும் இன்னும் துருப்பிடிக்கவில்லை.

"ஏழு, சிஸ்டர்."

"ஏழா? நல்லாப் பெருசா வெட்டு. அவ இங்கதான் இருந்தா. உன் கடை விலாசம் கேட்டா, குடுத்தேன். கிளம்பி அரை மணி ஆச்சு, வந்துருவா."

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"உன்னைக் கேட்டா குடுக்க வேண்டாம்னு சொல்லுவ. அதான் கேக்கலை." வைத்துவிட்டார்.

சிலை எழுந்தாள், உட்கார்ந்தாள், முந்தானையால் மேஜையைத் துடைத்தாள், துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். கண்ணாடி அலமாரியில் தன் முகத்தைப் பார்த்து மூக்கில் ஒட்டியிருந்த பித்தளைத் தூளைத் தட்டிவிட்டாள்.

"பவுடர் வேணும்னா மேஜை டிராயர்ல இருக்கு" என்றார் கணவர்.

"வாயை மூடிக்கிட்டு அந்தக் கேடயத்தைத் துடைங்க."

"டிங்!"

கதவு திறந்தது. சிலை நின்றாள். வாசலில் நெடுநெடுவென்று ஒருத்தி. அந்த நீளக் கால்கள் அப்படியே இருந்தன. இழுத்து இரட்டைச் சடை போட்டிருந்த முடி மட்டும் இப்போது கழுத்தளவு, காதை மூடிக்கொண்டு. உள்ளே வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. தலைக்கு மேலே இருந்த மணியைப் பார்த்தாள். கதவை மூடினாள். டிங்! மறுபடி திறந்தாள். டிங்! மூடினாள். டிங்! முகம் முழுக்கச் சிரிப்பு.

ஒவ்வொரு அடிக்கும் சிலை இரண்டிரண்டு விநாடி நிற்க வேண்டியதாயிற்று. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கேலி பண்ணி முடிச்சாச்சுன்னா உள்ள வரலாம்" என்றாள்.

"கேலியா?" லேட்டு திடுக்கிட்டுக் கதவைவிட்டுக் கையை எடுத்தாள். "ஐயோ, இல்லடி. சத்தம் நல்லாருந்துச்சு. இவ்வளவு மெல்லிசா, கடைசியில இழுத்துக்கிட்டே போகுது பாரேன். மணின்னா இப்படித்தான் இருக்குமா?"

"மணி மணி மாதிரிதான் இருக்கும்."

"இல்ல மேடம், இது அசல் வெண்கலம்" என்று கணவர் குறுக்கே பாய்ந்தார். "நான்தான் இன்னைக்குக் காலையில மாட்டினேன். உங்களை டிவியில பாத்திருக்கோம். நாங்கன்னா நான். இவங்க அடுப்படியில இருப்பாங்க. ஆனா எட்டிப் பாப்பாங்க."

"ஏங்க!"

"சரி சரி, நான் நாற்காலி எடுத்துட்டு வரேன்."

லேட்டு உட்காரவில்லை. மேஜைக்கு வந்து தகட்டைப் பார்த்தாள். ஆறு வரியையும் படித்து, ஈட்டிக்காரியின் பேர் வந்ததும் சிரித்தாள். "அங்கி தைச்சவ! இன்னைக்கும் வந்திருக்கா. சிஸ்டர்ங்க எல்லாம் துணியை இன்னும் உள்ளதான் காயப் போடுறாங்களாம்."

சிலைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "என்ன விஷயமா வந்த?"

லேட்டு ஏழாவது வரியின் வெறும் இடத்தில் விரலை வைத்தாள். "இதுக்குத்தான். இங்க என் பேரு வேண்டாம்."

"ஏன், எழுத்து சின்னதா இருக்கா?"

"உன் பேரை வெட்டு."

கேடயம் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. கணவருக்கு மணி அடிக்காமலே அப்படி ஆயிற்று.

"என்ன சொன்ன?" என்றாள் சிலை.

"நீ முப்பது மீட்டர் முன்னால இருந்தடி. நீ நிக்கலைன்னா நான் உன்னைப் பிடிச்சிருக்கவே முடியாது. அந்த ஓட்டத்தை வெச்சுத்தான் விடுதியில இடம் குடுத்தாங்க, அப்புறம்தான் எல்லாம். சிஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன். 'பேர் வெட்டுறது அவ, அவகிட்டயே போய்ச் சொல்லு'ன்னுட்டாங்க."

அரை மணிக்கு முன்னால் அந்த வரியையே விழுங்கிவிடலாமா என்று நினைத்தவள் சிலை. இப்போது அதையே தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? ஒரு நிமிஷம் தன் பேரை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே இருந்தது. அதுதான் கோபத்தைக் கிளப்பியது.

"ஏய், எனக்குப் பிச்சை போட வந்தியா?"

"பிச்சையா?"

"அன்னைக்கு மடியில பதக்கத்தை வெச்ச. இன்னைக்குத் தகடு. அடுத்தது என்ன, நீ போட்ட பழைய ஷூவா?"

"என் ஷூ உன் காலுக்குச் சேராது" என்றாள் லேட்டு.

"பேச்சைப் பாரு!" சிலை ஊசியை எடுத்து மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள். "இந்தக் கடையில ஒரு சட்டம் இருக்கு. கோட்டை முதல்ல தாண்டினவ பேருதான் தகட்டுல வரும். ரெண்டாம் பரிசை முதல் பரிசுன்னு வெட்டச் சொன்னவரைத் திருப்பி அனுப்பினவ நான். நாலாம் இடத்தை வெட்டுவேனா? அதுவும் எனக்கே? நீ சொன்னாலும் வெட்ட மாட்டேன், அந்த மாதாவே வந்து சொன்னாலும் வெட்ட மாட்டேன். நான் நின்னேன். நீ ஓடின. முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சுன்னா ஏண்டி இருபத்தாறு வருஷமாப் பேசலை?"

சிலை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் பன்னிரண்டேகால். "ஏங்க," என்று கணவர் பக்கம் திரும்பினாள், "கேடயத்துல அடிக்கிற சின்னப் பித்தளை ஆணி இருக்கே, உருண்டைத் தலை, அதுல பன்னிரண்டு எடுங்க."

கணவருக்கு உடனே புரிந்தது. ஏழாவது வரியின் ஓரத்தில்தானே குழி? அதே நேர்கோட்டில் எல்லா வரிக்கும் முன்னால் ஒரு துளை போட்டு, பன்னிரண்டிலும் ஆணியை இறக்கிவிட்டால், பார்க்கிறவர்கள் அலங்காரம் என்றே நினைப்பார்கள். "அப்போ என் மணியால தகட்டுக்கு அழகு கூடியிருக்குன்னு சொல்லு" என்று துளை போட உட்கார்ந்தார்.

"அதையும் ஒரு வரியா வெட்டிடவா?"

லேட்டு சும்மா இருக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு மேஜையின் அந்தப் பக்கம் வந்து, தகடு அசையாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கணவர் துளை போட, சிலை சிறு சுத்தியலால் ஆணி இறக்க, ஒருமுறை சுத்தி நழுவி லேட்டின் கட்டைவிரல் நகத்தில் விழுந்தது.

"ஆ! வேணும்னே அடிச்சியா?"

"வேணும்னு அடிச்சா இப்படியா லேசா விழும்?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அவர்கள் அறியாமல் வந்த சிரிப்பு அது. அந்தக் காலத்தில் கெபி முன்னால் முழங்கால் போட்டிருந்த லேட்டுக்கு, தூண் மறைவில் நின்று சிலை முகத்தைக் கோணிக் காட்டும்போது வந்த சிரிப்பு. உடனே இருவரும் தகட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டு ஆணியும் இறங்கின. எது குழி, எது துளை என்று வெட்டியவளுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. கணவர் கைதட்டித் தனக்குத் தானே பாராட்டு சொல்லிக்கொண்டு, டீ வாங்கி வருவதாக எழுந்தார். வாசலில் கதவைத் திறக்கும் முன், மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினார். அந்த அளவுக்கு விவரம் உண்டு.

சிலை நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். வெளிச்சம் தகட்டில் விழ வேண்டும் என்றால் ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். லேட்டு முதுகுப் பக்கம் ஆகிவிட்டாள். ஊசி 'கிர்ர்' என்றது. முதல் எழுத்து, இரண்டாவது எழுத்து. பத்து வருஷம் ஒரே பெஞ்சில் இருந்தும் லேட்டின் முழுப்பெயரை முழுசாக எழுதுவது இதுதான் முதல்தரம் என்று தோன்றியது. நேராக, ஆழமாக, ஒரு இடத்திலும் நிற்காமல் வெட்டினாள். 'ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், மாநில முதலிடம், ஆசியப் பதக்கம்' என்று வரி முடிந்தது. தூளை ஊதினாள். ஏழாவது வரி மற்ற ஆறையும்விட நன்றாக வந்திருந்தது. கை தன்னைக் கேட்காமலே நல்ல வேலை செய்துவிட்டதில் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட.

ஊசியை அணைத்தாள். கடையில் சத்தமே இல்லை. இனி எட்டாவது வரிக்குப் போக வேண்டும். போக முடியவில்லை. திரும்பிப் பார்க்கும் தைரியமும் இல்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, அந்தப் பேருந்தில் கேட்டதை அதே மாதிரி, மெதுவாகக் கேட்டாள்.

"பேரு வெட்டியாச்சு. இனி மாத்த முடியாது. அதனால உண்மையைச் சொல்லலாம். அந்த மணி எதுக்குன்னு உனக்கு முன்னாலயே தெரியுமா, தெரியாதா?"

இந்த முறை பதில் வந்தது.

"தெரியாது."

சிலை வெடுக்கென்று திரும்பினாள். "அன்னைக்குப் பஸ்ல இதைத்தானே கேட்டேன்? ஏன் வாயைத் திறக்கலை?"

"கேட்டியா?" லேட்டின் கண் விரிந்தது. "ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டுக் கேட்டியா? நீ ஏதோ திட்டுறன்னு நினைச்சேன். தோள் குலுங்குச்சு. வாய் தெரியலையே."

"வாய் எதுக்குத் தெரியணும்?"

லேட்டு கழுத்தளவு முடியை ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கருவி, அதிலிருந்து மெல்லிய ஒயர் காதுக்குள் போயிற்று. இன்னும் பழகாததுபோல் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இதை மாட்டி மூணு வாரம்தான் ஆச்சு. இது இல்லாம பேச்சு கொஞ்சம் கேக்கும், வாயைப் பாத்தா மிச்சம் புரியும். ஆனா மணி, விசில், குருவி எதுவும் சின்ன வயசுல இருந்தே காதுல விழுந்ததில்ல. தெரிஞ்சா ஓட விட மாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலை."

சிலையின் கண் முன்னால் எதிரில் நிற்கும் ஒரு சின்னப் பெண் வந்தாள், எல்லாரும் நின்று ஒன்றரை விநாடி கழித்து நிற்கிறவள், முழங்கால் காய்த்தவள்.

"அப்போ பத்து வருஷம் எப்படிடி நின்ன?" என்றாள்.

லேட்டு தகட்டைப் பார்த்தாள், பிறகு சிலையின் முகத்தைப் பார்த்தாள்.

"உன்னைப் பாத்துத்தான் நின்னேன். அன்னைக்கு ஒரு நாள்தான், நீ நின்னதைப் பாத்தும் நான் நிக்கலை."